போர்டு மாட்டினால் போதுமா?

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். டீக்கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட ஒரு பார்மசிஸ்ட் இருக்க வேண்டும்.

உடைந்துபோன மனசைக் கையில் எடுக்க?

மாடிப்படி ஓரத்தில் 'கவுன்சலிங் தரப்படும்' என்று ஒரு போர்டு. உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. அவ்வளவுதான்! உள்ளே உட்கார்ந்திருப்பவர் என்ன படித்தார், யாரிடம் தொழில் பழகினார் என்று நீண்ட காலமாக யாரும் கேட்டதில்லை. போகிறவர்களும் கேட்பதில்லை. மகள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லையே என்று பதறி ஓடுகிற அப்பாவுக்கு, சுவரில் சர்டிபிகேட் இருக்கிறதா என்று பார்க்கவா தோன்றும்?

சட்டம் இருக்கிறது!

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று தொழில் செய்கிறவர், 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மறுவாழ்வுக் கவுன்சிலில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்காக 2021 மார்ச்சில் இன்னொரு சட்டம் வந்தது. லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரோடு மருத்துவ சமூகப் பணியாளர், மனநல சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர் எல்லோரும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். மாநிலத்துக்கு ஒரு பதிவேடு. தொழிலுக்கு வருமுன் லைசென்ஸ் தேர்வு நடத்தவும் அந்தச் சட்டம் வகை செய்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் நடந்தது என்ன? மூன்று வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், 'இதை அமல்படுத்துங்கள்' என்று சுப்ரீம் கோர்ட்டே கெடு வைக்க வேண்டி வந்தது! பார்லிமெண்டில் பாஸான சட்டத்தை நடத்திக் காட்டக் கோர்ட்டு குட்ட வேண்டியிருக்கிறது.

போகட்டும். தேர்வு என்று ஒன்று வரும்போது அது எப்படிப்பட்ட தேர்வாக இருக்க வேண்டும்? இதுதான் இப்போது கேள்வி.

அமெரிக்கா பட்ட பாடு

அமெரிக்காவில் இந்தத் தேர்வு வெகு நாளாக நடக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பு முடிய வேண்டும். பிறகு மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில், பல மாநிலங்களில் சுமார் 3,000 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அதற்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் பரீட்சை. 170 கேள்வி, 4 மணி நேரம் என்பதே பல ஆண்டுகளாக அங்கே கணக்காக இருந்து வந்தது. அதில் 20 கேள்விக்கு மார்க்கே இருந்ததில்லை. பின்னாளில் பயன்படுமா என்று சோதித்துப் பார்க்க நுழைத்தவை. எந்த 20 என்று எழுதுகிறவருக்குத் தெரியாது!

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் என்ன ஆயிற்று? தேர்வு நடத்தும் சங்கம் 2022-ல் கணக்கை வெளியிட்டது. 2021-ல் சிகிச்சை நிலைத் தேர்வை முதல் முறை எழுதிய வெள்ளைக்காரர்களில் 100-க்கு 84 பேர் பாஸ். கறுப்பர்களில் 45 பேர்தான்! ஒரே பட்டம்தான் வாங்கினார்கள். பரீட்சை ஹாலில் இத்தனை பள்ளம் எங்கிருந்து வந்தது? பெரும் சர்ச்சை கிளம்பியது. சமூகப் பணியாளர்களின் தேசிய சங்கமே 2023-ல் இந்தத் தேர்வை எதிர்த்தது. இல்லினாய் மாநிலமோ, சிகிச்சை நிலைக்குக் கீழே உள்ள லைசென்ஸுக்குத் தேர்வே வேண்டாம் என்று 2022 ஜனவரியிலேயே எடுத்துவிட்டது.

அதற்காக நாமும் தேர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே அவர்கள் தடுக்கி விழுந்த இடத்தில் நாம் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கலாமே என்கிறோம்.

'முதலில் என்ன செய்வீர்?'

இந்தத் தேர்வின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? மனப்பாடத்தில் இல்லை. ஒரு சின்ன வார்த்தையில் இருக்கிறது: 'முதலில்'.

உதாரணம் பாருங்கள். தையல் வேலை செய்யும் ஒரு பெண் வருகிறார். புருஷன் குடி, வீட்டு வாடகை பாக்கி. பேச்சுவாக்கில், "இனிமே நான் இருந்து என்ன ஆகப்போகுது?" என்கிறார். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? புருஷனைக் கூப்பிட்டு விசாரிப்பதா? குடி மறக்கும் சிகிச்சைக்கு முகவரி தருவதா? "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று தேற்றுவதா?

மூன்றும் தப்பு! "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களாம்மா?" என்று நேராகக் கேட்க வேண்டும். அதுதான் முதல் வேலை. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்டால் பாரம்தான் இறங்கும். உயிர் முதலில், வாடகை, குடி எல்லாம் அப்புறம்.

பயிற்சி பெற்றவருக்கும் போர்டு மாட்டியவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கேள்விதான். ஒரு உயிரே அதில் தொங்குகிறது.

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் தம்பி, தங்கைகளே! கைடு புத்தகத்தை உருப்போட்டு இதற்கு விடை வராது. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் குடிசைப் பகுதியிலும் களப்பணி செய்கிறீர்களே, அந்த நோட்டை எடுங்கள். ஒவ்வொரு கேஸிலும் 'நான் முதலில் என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும்?' என்று எழுதிப் பாருங்கள். மூத்தவரிடம் காட்டித் திட்டு வாங்குங்கள். அதைவிட நல்ல கோச்சிங் கிடையாது.

நாம் கேட்பது

தேர்வு நடத்தப் போகிறவர்களுக்கு நான்கு விஷயம்.

ஒன்று: தேர்வு தமிழிலும் இருக்க வேண்டும். அழுகிற அம்மா இங்கிலீஷிலா அழப்போகிறாள்? அவளுடைய பாஷையில் கேட்கத் தெரிந்தவனை இங்கிலீஷ் தெரியவில்லை என்று தள்ளினால் நஷ்டம் அவளுக்குத்தான்.

இரண்டு: நாலு விடையில் ஒன்றைக் குறிப்பது மட்டும் போதாது. மேற்பார்வையில் செய்த வேலைக்கும் மார்க் வேண்டும். பல வருஷமாகக் குறைந்த சம்பளத்தில் இந்த வேலையைச் செய்து வரும் ஆலோசகர்களின் அனுபவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்று: மாதிரி வினாக்களை அரசே இலவசமாக வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு அறிவித்த மறுநாளே தெருவுக்கு நாலு டுடோரியல் முளைத்துவிடும்.

நான்கு: எந்த ஊர், எந்தப் பிரிவு மாணவர்கள் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கை வருஷா வருஷம் ஒளிக்காமல் வெளியிட வேண்டும். அமெரிக்காவில் பள்ளம் வெளியே தெரிந்ததே கணக்கு வெளியே வந்த பிறகுதான்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கவுன்சலரிடம் போனால், "நீங்க என்ன படிச்சிருக்கீங்க? எங்கே பதிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. உண்மையில் படித்தவர் கோபப்பட மாட்டார். அவசரம் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். 'டெலி மானஸ்' என்று 2022-ல் அரசு தொடங்கிய இலவச சேவை அது.

சென்னையில் சமூகப் பணிக்கென்று 1952-லேயே கல்லூரி கண்டார் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார். அதற்கு அப்புறம் எத்தனையோ பேர் படித்து வெளியே வந்துவிட்டார்கள். படித்தவர் யார், போர்டு மாட்டியவர் யார் என்று ஜனங்கள் பிரித்துப் பார்க்க இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது?

பதிவேட்டைத் திறங்கள். பரீட்சையை ஒழுங்காக வையுங்கள். உடைந்த மனசோடு மாடிப்படி ஏறுகிறவர் முழுசாக இறங்கி வர வேண்டும்!