பூனைக்கு வேண்டியது பாற்சோறா, புலாலா?

பூனையின் தீனியைப் பற்றி எழுத இந்த அனுபந்தத்தில் இடம் ஒதுக்குவதா என்று முகஞ்சுளிக்கும் கனவான்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். பூனை குறுக்கே போனால் காரியம் கெடுமென்று வாசற்படியிலிருந்து திரும்பிவந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் புறப்படும் மூடத்தனத்தை நாம் கண்டித்தபோது இவர்கள் முகஞ்சுளிக்கவில்லை, கைதட்டினார்கள். சகுனப் பூனையைப் பற்றிப் பேசலாம், சாப்பிடும் பூனையைப் பற்றிப் பேசலாகாது என்பது என்ன நியாயமோ நமக்கு விளங்கவில்லை. சகுனத்தை ஒழித்துவிட்டோம் என்று பெருமை பேசும் அதே வீடுகளின் அடுக்களையில், அதே மூடத்தனம் ஒரு பாற்கிண்ணத்தின் உருவில் உட்கார்ந்திருக்கிறது என்பதே நமது குற்றச்சாட்டு.

இதை இப்போது சொல்லக் காரணமும் உண்டு. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடையிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் அத்தடை நீங்கி, உரிமம் பெற்று வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாயிற்று. மலேசியாவிலோ, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பல பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அஞ்சடியில் கத்திக்கொண்டு கிடந்ததையோ, காப்பகத்தில் கூண்டிலிருந்ததையோ எடுத்துவந்து, பெயரிட்டு, பிள்ளைகள் கொஞ்சுகிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால் அன்றிரவே பால் ஊற்றிப் பிசைந்த சோறு ஒரு தட்டில் வைக்கப்படுகிறது. வயிற்றுப்போக்கு மறுநாள் வருகிறது. ‘திருஷ்டி’ என்று சுற்றிப்போட ஒரு பாட்டியம்மாளும் வந்துவிடுகிறார்.

இதைத் தவறென்று சொன்னால் உடனே ஒரு கேள்வி பிறக்கிறது: “எங்கள் பாட்டன் காலத்துப் பூனை டின்னைக் கண்டதா? பாலும் சோறும் தின்று பத்து வருஷம் இருக்கவில்லையா?”

இந்தக் கேள்விக்குள்தான் நம்மவர்களின் அறியாமை முழுவதும் அடங்கியிருக்கிறது. பாட்டன் காலத்துப் பூனை பாற்சோற்றினால் வாழவில்லை. லயத்துக் கூரையில் எலி பிடித்தது. புற்றரையில் ஓணான் பிடித்தது. வாய்க்காலோரம் தவளையும் குருவியும் பிடித்தது. எலியின் தசையோடு ஈரலையும் இருதயத்தையும் எலும்பையும் அது தின்றது. நாம் வைத்த சோறு அதற்கு மேற்கொண்டு கிடைத்த பலகாரம். உழைத்து வயிற்றை நிரப்பிக்கொண்டது பூனை. ‘நான் போட்ட சோற்றில் வளர்ந்தது’ என்று மீசையை முறுக்கியவர் நம் பாட்டனார். பத்தாவது மாடியில், கதவும் சன்னலும் கம்பிவலையும் அடைத்த வீட்டில் எலி ஏது? அங்கே நாம் வைக்கும் தட்டுதான் அதன் உலகம். அந்தத் தட்டில் இல்லாதது அதன் உடம்பிலும் இல்லை. பாட்டன் செய்ததைப் பேரனும் செய்வது மட்டும் போதாது. பாட்டனைச் சுற்றி என்ன இருந்தது என்றும் கேட்கவேண்டும். சாஸ்திர விஷயங்களில் நாம் நாற்பது தடவை சொன்னதைத்தான் பூனை விஷயத்திலும் சொல்லவேண்டியிருக்கிறது.

நிற்க. சோறு வைப்பவராவது ஏழைமையாலோ பழக்கத்தாலோ வைக்கிறார். ஜீவகாருண்யத்தின் பெயரால் வைப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரோடுதான் நமக்குப் பெரிய வழக்கு. தாம் வெள்ளிக்கிழமை புலால் உண்பதில்லையாதலால் தம் பூனையும் உண்பதில்லை என்று விருந்தினரிடம் சொல்லி மகிழ்கிறார். தயிர்ச்சோறும் பருப்பும் கொடுத்து ஒரு பிராணியைச் சைவமாக்கிவிட்டோம் என்று அவருக்குப் புளகாங்கிதம். பூனை எந்த மடத்தில் தீட்சை பெற்றது? அதன் உடம்பு எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வெள்ளிக்கிழமையை அறியும்?

பூனை புலாலுண்ணப் பிறந்த பிராணி. டாரின் என்றொரு சத்து அதற்கு இன்றியமையாதது. மனிதனும் நாயும் தம் உடம்புக்குள்ளேயே அதை ஒருவாறு உண்டாக்கிக்கொள்ளக்கூடும். பூனை தனக்குப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாது. தசையிலும் இருதயத்திலும் மீனிலும் அது இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் கண் திரை கெட்டுக் குருடாகும் என்று 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 1987-இல் கலிபோர்னியாவில் பால் பியான் என்னும் கால்நடை மருத்துவரும் அவர் கூட்டாளிகளும், அதே குறையினால் பூனையின் இருதயம் வீங்கித் தளர்ந்துபோவதையும், டாரின் கொடுத்தால் அது தேறுவதையும் கண்டு வெளியிட்டார்கள். இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அப்படி நோயுற்றவை பெரும்பாலும் கம்பெனிகள் விற்ற தீனியைத் தின்ற பூனைகளே! அது வெளிப்பட்டதும் கம்பெனிகள் டாரின் அளவை உயர்த்தின, அந்நோய் அரிதாயிற்று. தவறு தெரிந்தவுடன் திருத்திக்கொள்வது விஞ்ஞானம். தயிர்ச்சோற்றுத் தட்டு எந்த ஆண்டில் திருத்தப்பட்டது?

காரட்டிலுள்ள சத்தை வைட்டமின் ஏ-யாக மாற்றும் சக்தியும் பூனைக்கில்லை. அது ஈரலிலிருந்தோ, தீனியில் சேர்த்த மருந்திலிருந்தோ நேரே கிடைக்கவேண்டும். மேனாடுகளில் இச்சத்துக்களை யெல்லாம் செயற்கையாகச் சேர்த்துச் சைவ டின்னும் விற்கிறார்கள் என்று நமக்கு மறுப்பு வரும். விற்கிறார்கள், உண்மை. ஆனால் நமது ஜீவகாருண்யர் கொடுப்பது அதுவன்று, நேற்றைய தயிர்ச்சோறு. தாம் புலால் உண்ணாமலிருக்க அவருக்குப் பூரண உரிமை உண்டு. புலாலை வீட்டுக்குள் விடவே மனமில்லையென்றால் முயல் வளர்க்கட்டும், யார் தடுத்தார்?

இனி, ‘நாங்கள் சைவரல்லோம், குழம்பு மீன்தான் போடுகிறோம்’ என்பாரும் கொஞ்சம் கேட்கவேண்டும். குழம்பில் வெங்காயமும் பூண்டும் உண்டு. இவ்விரண்டும் பூனையின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களை உடைப்பவை. கழுவிப் போட்டாலும் ஊறிய சாறு போகாது. சந்தையில் மலிவாய் வாங்கிய கானாங்கெளுத்தியை வெறுமனே அவித்துச் சோற்றோடு பிசைவது குழம்பை விட மேல். எனினும் நாள்தோறும் அதுவே என்றால் பல சத்துக்கள் குறையும். எலும்பில்லாத கோழிக்கறி மட்டுமே போட்டு வளர்க்கும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்காமல் எலும்பு முறியும்.

ஆகவேதான் டின்னில் அடைத்த ஈரத் தீனி நல்லது என்கிறோம். அதில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் நீர். உலர்ந்த மணித்தீனியிலோ பத்து அளவுதான். வீட்டுப் பூனையின் மூதாதை பாலைநிலக் காட்டுப்பூனை. அது இரையின் இரத்தத்திலும் தசையிலுமுள்ள நீரைக் கொண்டே காலந்தள்ளியது. அந்தச் சுபாவம் இன்றும் மாறவில்லை. தாகமெடுத்தாலும் கிண்ணத்தைத் தேடிப்போய் வேண்டிய மட்டும் குடிப்பதில்லை. சிறுநீர் கெட்டிப்பட்டு, கல்லும் மணலும் சேர்ந்து, ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொள்ளுமானால் இரண்டொரு நாளில் உயிர் போய்விடும். மணற்றட்டில் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்று கண்டால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டாமல் அந்த மணியிலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். இந்நோய்க்குக் காரணங்கள் பல. நீர்க்குறைவு அவற்றில் நம் கையிலுள்ள ஒன்று.

டின் வாங்குகிறோம் என்று சொல்லும் பட்டணத்துத் தோழர்கள் தப்பித்துக்கொண்டதாக எண்ணவேண்டாம். அவர்கள் வாங்குவது தீனியையா, டின்னின் முகத்திலுள்ள படத்தையா? வெள்ளித் தட்டில் ஒரு துண்டு மீன், பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூனை. அதைக் கண்டவுடன் கை நீளுகிறது. கோபுரத்தைக் கண்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் கடைக்குள்ளும் கூடவே வருகிறது போலும். திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

பின்பக்கத்தில் முதலாவதாகத் தேடவேண்டிய சொல் ‘காம்ப்ளீட்’ என்பது. அதாவது, வேறெதுவும் கொடாமல் இதுவொன்றே பூனையைக் காப்பாற்றும் என்னும் உறுதிமொழி. அதே எழுத்துக்களில் தொடங்கி ‘காம்ப்ளிமெண்டரி’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதற்குத் துணையுணவு என்று பொருள், பலகாரம் போன்றது. நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளை மீன் துண்டு டின்கள் பலவும் இந்தப் பலகார வகையே. பார்க்க மிகச் சுத்தமாயிருக்கும். பூனையும் ஆசையாய்த் தின்னும். ஆனால் டாரினும் வைட்டமினும் சேர்த்தது என்ற உறுதி இராது. அதையே மூன்று வேளையும் போடுகிறவர், அதிக விலை கொடுத்துப் பாற்சோற்றுக்காரரின் பக்கத்திலேயே போய் நிற்கிறார். ‘காம்ப்ளீட்’ என்றிருந்தாலும், எந்த வயதுக்கு என்று பார்க்கவேண்டும். குட்டிக்கு வளர்ச்சிப் பருவத்துக்கென்றோ எல்லா வயதுக்குமென்றோ குறித்திருப்பதே ஆகும்.

இரண்டாவது, பெயரில் நடக்கும் சூது. அமெரிக்க விதிப்படி, ‘டூனா’ என்று மட்டும் பெயரிட்டால் நீர் நீக்கி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு டூனா இருக்கவேண்டும். ‘டூனா டின்னர்’ என்றால் இருபத்தைந்து போதும். ‘வித் டூனா’ என்றால் மூன்றே மூன்று போதும். ‘டூனா ஃபிளேவர்’ என்றால் வாசனை தெரிந்தால் சரி. அங்கிருந்து இங்கு வரும் டின்களில் இந்தப் பெயர்களைக் காணலாம். தொண்ணூற்றைந்துக்கும் மூன்றுக்கும் படம் ஒன்றே! சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும் என்பதையும் அறிக. அதில் கோழி, மீன், ஈரல் என்று பெயர் சொல்லியிருப்பது நல்லது. ‘மாமிசமும் பிராணிப் பொருள்களும்’ என்று மழுப்பியிருந்தால் எந்தப் பிராணி என்று கம்பெனிக்கே வெளிச்சம். மாட்டிறைச்சி வீட்டில் புழங்கலாகாது என்பவர்களுக்கு இது முக்கியம். பெயர் சொன்ன கோழி டின்னும் மீன் டின்னும் தாராளமாய்க் கிடைக்கின்றன.

மூன்றாவது ஒரு சிறு கணக்கு. ‘டின்னில் புரதம் பத்துதான், மணித்தீனியில் முப்பது இருக்கிறதே’ என்று கடைக்காரர் சொல்லக் கேட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. டின்னில் எண்பது பங்கு நீர் என்றால் மிஞ்சும் இருபதில் பத்துப் புரதம். அதாவது பாதிக்குப் பாதி. மணித்தீனியில் நீர் போகத் தொண்ணூறில் முப்பது. மூன்றில் ஒரு பங்கு. நீரை நீக்கியே ஒப்பிடவேண்டும். அவ்விதம் பார்த்தால், அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த குறைந்தபட்ச அளவு வளர்ந்த பூனைக்கு 26, குட்டிக்கு 30. பால்மரத்துப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதித்துக் கூலி கணக்கிட்ட சமூகத்துக்கு இந்தக் கணக்கு விளங்காதென்று நாம் நம்பவில்லை.

‘தானியமே இல்லாதது’ என்பது இக்காலத்து நாகரிகம். தானியமில்லை என்பதாலேயே ஒரு டின் உயர்ந்துவிடாது. வேகவைத்த மாவைப் பூனை ஓரளவு செரிக்கும். கம்பெனி பெரிது என்பதும் காப்பல்ல. 2007-இல் வட அமெரிக்காவில், கோதுமைப் பசையில் மெலமின் என்னும் நஞ்சைக் கலந்து விற்ற மோசடியினால், பல பெயர்களில் ஒரே கம்பெனி அடைத்த ஆறு கோடி டின்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. பெயரை வழிபடுவதில் பயனில்லை.

புதிதாய் வந்த பூனைக்கு முதல் வாரம் எவ்வளவு உயர்ந்த டின்னையும் திடீரென்று திணிக்கவேண்டாம். காப்பகத்தில் என்ன தின்றது என்று கேட்டு அதையே வைத்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் சிறிது சிறிதாய் மாற்றுவதே முறை. அலமாரிக்கடியில் ஒளிந்துகொண்டு தின்னாமலிருக்கும். ‘பசித்தால் தானே வரும்’ என்று இரண்டு நாளுக்குமேல் விட்டுவிடக்கூடாது. கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பேறிச் சாகும். தீனியைச் சற்று வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும்பும்; அந்த மணத்துக்கு வராத பூனை குறைவு.

கடைசியாக, நியாயமான ஆட்சேபணை ஒன்று: ‘பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கே பணமில்லை, பூனைக்கு டின்னா?’ இதைக் கேட்பவரை நாம் ஏளனம் செய்யமாட்டோம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். அதை முழுவதும் சிறு பொட்டலங்களில் கொடுத்தால் மூன்று பொட்டலமாகும், கூலிக்காரர் தாங்கமாட்டார். ஆனால் ‘காம்ப்ளீட்’ என்று குறித்த மலிவான மணித்தீனியை நனைத்து ஒரு வேளையும், பெரிய 400 கிராம் டின்னில் கொஞ்சம் மற்றொரு வேளையும் கொடுக்கலாம். மிச்சத்தை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். நம் வெயிலில் தட்டில் விட்டது ஒரு மணி நேரத்தில் கெடும். கழுத்துக்கு மணியும், பிறந்தநாளுக்குக் கேக்கும் வாங்குகிற வீட்டில் பணமில்லை என்பதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம். அன்றியும் மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்புப் பிராணிக்குத் தக்க உணவளிப்பதை உடையவனின் கடமையாக்கியிருக்கிறது.

தோட்டத்துத் தோழர்கள், ‘தீனி போட்டால் எலி பிடிக்காது’ என்பார்கள். வயிறு நிறைந்த பூனையும் எலியைத் துரத்தும். வேட்டை அதன் சுபாவம். ஆனால் செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு வைக்கும் மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அதைத் தின்ற எலி பல நாள் தள்ளாடித் திரிந்தே சாகும். அந்த எலியை முதலில் பிடிப்பது பசித்த பூனையே. மருந்து வைக்கும் நாட்களைக் கங்காணியிடம் கேட்டறிந்து, அந்நாட்களிலும் அடுத்த இரண்டொரு வாரங்களிலும் பூனையை வீட்டுக்குள் அடைத்து, இரு வேளையும் வயிறார டின்னையே கொடுங்கள்.