பிள்ளைத்தாய்ச்சி நோயாளியா?

“மாசமா இருக்கிறது ஒரு நோயா? எங்க அம்மா பிரசவத்துக்கு முதல் நாள்கூட பால்வாளி தூக்கினவங்க!” தோட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் யார்? பேசுகிறவர் மண்டோராகவும் இருப்பார், மாமியாராகவும் இருப்பார். அந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளை தங்காமல் போனது என்பதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

படித்தவர்களும் இதையேதான் விவாதிக்கிறார்கள். உடலுறுப்பு தன் இயல்பான வேலையில் குறைந்துபோவதே நோய் என்று 1977-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் கிறிஸ்டபர் போர்ஸ் எழுதினார். அந்தக் கணக்கில் கர்ப்பம் நோயாகாது. 2024-இல் அன்னா ஸ்மஜ்தோர், யோனா ரேசனென் என்ற இருவர் எதிர்வாதம் வைத்தார்கள். வலியும் உயிராபத்தும் இதிலும் உண்டே, தட்டம்மையை நோய் என்கிற நாம் இதை ஏன் விட்டுவிடுகிறோம் என்பது அவர்கள் கேள்வி.

கேட்கத்தக்க கேள்விதான். ஆனால், சகோதரிகளே, இந்தப் பெயர்ச் சண்டையில் நாம் ஏமாறக்கூடாது. ‘நோயில்லை’ என்றால் உர மூட்டையைத் தூக்கச் சொல்வார்கள். ‘நோய்’ என்றால் ‘சீக்காளிக்கு இங்கே என்ன வேலை’ என்பார்கள். இரண்டிலும் அடிபடுவது அவள்தான்.

தீபகற்ப மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பிரசவ விடுமுறை 98 நாள். 2023 ஜனவரிக்கு முன் 60 நாள்தான். இதைப் பெற அவள் நோயாளி என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. அந்த விடுமுறை தொடங்குமுன் இரத்தக் கொதிப்போ இனிப்பு நீரோ வந்து டாக்டர் எம்.சி. கொடுத்தால், அது நோய் விடுமுறை, அது வேறு கணக்கு.

தாய் சேய் கிளினிக்கிலும் நோயா இல்லையா என்று வாதாடுவதில்லை. உங்கள் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டுகிறார்கள். வெள்ளை என்றால் ஆபத்துக் குறைவு. சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. இன்றைய வெள்ளை அடுத்த மாதம் மஞ்சளாகலாம். ‘போன பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று செக்-அப்பை விட்டுவிடாதீர்கள். என்ன நிறம், ஏன் என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒழுங்கீனம், ஒப்பந்த மீறல், நிறுவனம் மூடப்படுதல் தவிர வேறு காரணத்துக்காகக் கர்ப்பிணியை வேலையிலிருந்து நிறுத்துவது குற்றம். அப்படி ஒரு கடிதத்தை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல், அன்றைக்கே தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொண்டுவாருங்கள்.