வாளுக்கு வயசு என்ன?

குங்ஃபூ படங்களில் ஹீரோ சுழற்றுவாரே, நுனி அகன்ற வளைந்த வாள், அது அந்தக் கால சீன ராணுவ வாள் என்று நினைத்திருந்தால், ஸாரி! அதன் பெயர் நியூவெய்தாவ். அதாவது மாட்டுவால் வாள். 19-ம் நூற்றாண்டுச் சரக்கு. வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சிவிலியன்கள். சிங் வம்சத்துச் (1644-1912) சிப்பாயின் இடுப்பில் தொங்கியது லியூயெதாவ், வில்லோ இலை மாதிரி ஒல்லி.

ஆகவே, 'மிங் காலத்து (1368-1644) ராணுவ வாள் ஸார்' என்று யாராவது மாட்டுவாலை நீட்டினால், பர்ஸை மூடிவிடுங்கள்.

நிஜமான பழைய வாளே கிடைத்துவிட்டதா? பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். பிடிக்குள் செருகிய இரும்புக் காம்பில் இருக்கும் கறுத்த துருதான் அதன் பர்த் சர்ட்டிஃபிகேட். சுரண்டிவிட்டால், அப்புறம் அது அரிவாள்மணைக்கு அண்ணன், அவ்வளவுதான்!