சுண்ணாம்புக் குழி எந்தக் கண்ணாடிப் பெட்டியில்?

நம் பக்கத்துச் சிறு அருங்காட்சியகம் ஒன்றுக்கு மாணவத் தோழர்கள் மூன்று பேரோடு போயிருந்தேன். நடுகல், ஓலைச்சுவடி, பாளையக்காரர் வாள், செப்புக்காசு. சுவரில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் படம். 1755இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்தது, 1790இல் கும்பினியான் பிடித்தது எல்லாம் இருந்தது. "தோல் ஷாப்பு பத்தி எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஹெரிடேஜ்ல வராதுங்க" என்றார் பொறுப்பாளர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் படித்த வரலாறு அப்படி.

திண்டுக்கல் என்றால் பூட்டு, சுருட்டு, பிரியாணி. பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே வந்துவிட்டது. கப்பலேறிப் போன தோல் மட்டும் ஊருக்கு நாத்தம். சுண்ணாம்புக் குழியில் இறங்கி மயிர் கழற்றி, சவ்வு சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணியில் ஊறப்போட்டவர்களில் பெரும்பாலோர் நம் சனங்கள். சுண்ணாம்பு ஆட்டுத்தோலை மட்டுமா தின்னும்? கையையும் காலையும் சேர்த்தே தின்றது. அந்தப் புண்பட்ட கைகள்தான் செங்கொடி பிடித்துச் சங்கம் கட்டின. இதை எழுதிவைத்தது அரசு அல்ல, இந்த ஊரில் வக்கீலாக இருந்த டி. செல்வராஜ். அவருடைய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தில்லிக்குத் தெரிந்தது இங்கே தெரியவில்லை. (நான் வேலை பார்க்கும் வங்கியில் பழைய லெட்ஜரைக் கிழிக்கக்கூட உத்தரவு வேணும்.)

நம்மாட்களே சிலர் கேட்கிறார்கள்: "அந்த இழிவை எதுக்குத் தோழர் காட்சிக்கு வைக்கணும்? புள்ளைங்க படிச்சு வெளிய வந்துக்கிட்டிருக்கு." நியாயமான கேள்வி. செத்த மாட்டைத் தூக்காதே என்று அம்பேத்கர் சொன்ன வழியில் வந்தவர்கள் நாம். ஆனால் குழியை மூடி மறைத்தால் தப்பிப்பது நாமல்ல, நம்மை அதில் இறக்கிவிட்டவன். தொழிலை மட்டும் காட்டி, கூலியையும் சாதியையும் வேலைநிறுத்தத்தையும் விட்டுவிட்டால்தான் அது இழிவு.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் துரத்தினார்கள். அதற்காக 1994இல் திறந்த அருங்காட்சியகத்தில் மன்னன் வாள் கிடையாது. இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. தரையில் விரித்த பெரிய வரைபடத்தில், தங்கள் வீடு இருந்த இடத்தைக் குடியிருந்தவர்களே எழுதிக் காட்டினார்கள்.

நம் பரண்களிலும் சங்கச் சந்தா ரசீது, கூலிச்சீட்டு, சவ்வு சீவும் கத்தி கிடக்கும். பழைய இரும்புக்காரன் வருவதற்குள் போகணும். மாணவத் தோழர்கள் கையில் செல்போன் இருக்கிறது. எழுபது தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். குழி எத்தனை அடி, கூலி எவ்வளவு, முதலாளி யார், குடிக்கத் தண்ணி எதில் ஊத்தினான், எல்லாம் அவர்கள் வாயாலேயே பதிவாகட்டும். இப்போதைக்குப் படிப்பகத்தில் ஒரு பீரோ போதும். அதை நான் வாங்கித் தருகிறேன்.