ஆமை படம் போட்ட கியர்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்கு வேண்டிய கருங்கல், லாரியிலும் டிரெய்லரிலும் வந்து இறங்குகிறது. நேராக ஓட்டி வருவது பெரிய வேலை இல்லை. வந்த வண்டியைக் குறுகலான வாசலுக்குள் பின்பக்கமாக நுழைப்பதுதான் வேலை. மதுராந்தகம் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்கும், கடலோர மணலில் சவுக்குக் கட்டை ஏற்றிய டிரெய்லருக்கும், பரனூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கன்டெய்னரோடு பின்வாங்கும் லாரிக்கும் இதே பாடுதான்.

முன்னால் நன்றாக ஓட்டுகிறவர்கள்கூட இங்கே திணறுவார்கள். என்ஜின் உறுமும். கிளட்ச் கருகும் வாடை வரும். அசையாமல் நின்ற வண்டி திடீரென்று ஒரு துள்ளு துள்ளும். பின்னால் நின்று ‘வரலாம், வரலாம்’ என்று கை காட்டிக்கொண்டிருந்தவர் பதறிப்போய் ஒதுங்குவார். ஒதுங்க இடம் இருந்தால் பிழைத்தார். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால்?

இந்தத் துள்ளலுக்குக் காரணம் டிரைவரின் கால் மட்டுமல்ல, கணக்கும்தான். ஒரு பிக்-அப் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும் அதன் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். ரிவர்ஸ் கியரும் பின் அச்சுப் பல்சக்கரங்களும் சேர்ந்து அதை 15-ல் ஒரு பங்காகக் குறைப்பதாக வைத்துக்கொண்டால், சக்கரம் நிமிடத்துக்கு 53 முறை சுழலும். டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால், வேகம் மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மனிதர் சாதாரணமாக நடப்பதோ மணிக்கு 5 கிலோமீட்டர்தான். ஆக, கிளட்சை முழுதாக விட்டால், வண்டி ஆள் நடப்பதைவிட வேகமாகப் பின்னால் போகும். அதற்குப் பயந்துதான் டிரைவர் ஆஃப் கிளட்சில் நிற்கிறார். சுமை முழுவதையும் கிளட்ச் தட்டு உரசி உரசித் தாங்குகிறது. தட்டு தேய்கிறது, கால் சற்றே நழுவினால் வண்டி துள்ளுகிறது.

இதற்கு மருந்து வண்டியிலேயே இருக்கிறது. 8 முன் கியர், 2 ரிவர்ஸ் கியர் உள்ள டிராக்டர்களில் கியர் கம்பியோடு இன்னொரு கம்பியும் இருக்கும். அதில் ‘எச்’, ‘எல்’ என்று எழுத்து இருக்கும். சில வண்டிகளில் முயல், ஆமை படம் இருக்கும். முயல் ரோட்டில் ஓடுவதற்கு. ஆமை உழவுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரிவர்ஸ் எடுப்பதற்கும் ஆமைதான் நல்லது.

செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கும் மஹிந்திரா நிறுவனத்தின் ‘தார்’ போன்ற நான்கு சக்கர இழுவை வண்டிகளில் ‘4எல்’ என்று இருப்பதும் இதே வேலையைச் செய்வதுதான். இப்படிப்பட்ட வண்டிகளில் தாழ்ந்த கியர் வேகத்தை இரண்டு, இரண்டரை மடங்கு குறைக்கும். 7 கிலோமீட்டர் வேகம் 3 கிலோமீட்டராகிவிடும். குறைந்த வேகத்துக்கு ஈடாக, சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை ஏறக்குறைய அதே மடங்கு கூடும். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், வண்டியை அதன்போக்கில் ஊர விடலாம். டிரைவரின் கவனம் ஸ்டீயரிங்கிலும் கண்ணாடியிலும் மட்டும் இருக்கும்.

டிரெய்லருக்கு இந்த அவகாசம் ரொம்ப முக்கியம். ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் பின்பக்கம் இடப்பக்கம் போகும். அதிகம் ஒடித்துவிட்டால் டிராக்டரும் டிரெய்லரும் கத்திரிக்கோல் போல மடங்கிக்கொள்ளும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மடங்க ஆரம்பித்தால், நிறுத்தி, கொஞ்சம் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ‘எல்’ போடும் முன் வண்டி முழுதாக நிற்க வேண்டும். பல வண்டிகளில் ‘எச்’சுக்கும் ‘எல்’லுக்கும் நடுவே நியூட்ரல் இருக்கிறது. கம்பி அதில் நின்றுவிட்டால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. சரிவில் வண்டி உருண்டுவிடும். அதனால் முதலில் ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம்தான் கம்பி. இரண்டு, ‘4எல்’ மணலுக்கும் சேற்றுக்கும் ஏற்றது. காய்ந்த தார் ரோட்டிலும் சிமென்ட் தரையிலும் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் உள்ளே முறுக்கேறிப் பாகங்கள் கெடும். பின்சக்கரத்தில் மட்டும் இழுக்கும் டிராக்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கை காட்டுகிறவருக்கும் ஒரு வார்த்தை. டிரெய்லருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். டிரைவரின் பக்கக் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். டிரைவரும், கண்ணாடியில் ஆள் மறைந்த அந்த நொடியே பிரேக்கை மிதிக்க வேண்டும். டிராக்டர் வந்தாலே ஓடி வந்து பார்ப்பது பிள்ளைகளின் வழக்கம். ஆகவே ரிவர்ஸ் போடுவதற்கு முன்பு ஒருமுறை இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்து பாருங்கள். பிள்ளைகளைத் திண்ணையில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, அப்புறம் ‘எல்’ போடுங்கள்.