உரிமைக்கும் விலையோ?

சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை, அதற்குரியவனின் கைக்கு வந்து சேரும்வரை வெறும் எழுத்தேயாகும். சட்டத்துக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு கந்தோர் நிற்கின்றது. அந்தக் கந்தோர் பத்திரம் கேட்கின்றது. பத்திரத்துக்கோ பணம் வேண்டியிருக்கின்றது. இக்கதை நமக்குப் புதியதன்று. ஆயின், செல்வத்திற் சிறந்த அமெரிக்க நாட்டின் கல்லூரிகளிலும் இதே கதை நடைபெறுகின்றது என்பதைப் பலர் அறியார்.

அவதானக் குறைபாடு என்பது ஒரு நிலை. ஏ.டி.எச்.டி. என்னும் சுருக்கப் பெயரால் அதனை வைத்தியர் குறிப்பர். எடுத்த வேலையில் மனம் நிலைகொள்ளாமை, தொடங்கியதை முடிக்க இயலாமை, பொருள்களைத் தொலைத்தல், தவணைகளை மறத்தல் ஆகியவை அதன் குறிகள். இது சோம்பலுமன்று, அறிவின்மையுமன்று. இரத்தப் பரிசோதனையாலும் இதனைக் கண்டறிய முடியாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட கைந்நூலின்படி, குறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி எனப் பல இடங்களிலும் காணப்படுதல் வேண்டும். ஆகவே ஒருவரின் வாழ்க்கை வரலாறே இதற்குத் தலையாய சான்று.

இந்நிலையினருக்கு அந்நாட்டுச் சட்டம் காப்பளித்துள்ளது. 1973 ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டமும் 1990 ஆம் ஆண்டின் இயலாமையுடையோர் சட்டமும் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துவன. பரீட்சையில் மேலதிக நேரம், அமைதியான தனியறை, விரிவுரைக் குறிப்புக்களைப் பெறும் வசதி முதலியவற்றை மாணாக்கர் கேட்கலாம். எவருக்கும் இனாமாகப் புள்ளி வழங்கப்படுவதில்லை. கல்வியின் அடிப்படைத் தரத்தைத் தாழ்த்தவேண்டிய கடமை கல்லூரிக்கு இல்லை என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1979 இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

அப்படியாயின் குறை எங்கேயுள்ளது? கல்லூரி வாயிலில் உள்ளது. 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, குறைபாடுள்ள பிள்ளையைத் தேடிக் கண்டறிந்து, பொதுச் செலவிற் பரிசோதிக்கும் பொறுப்புப் பள்ளிக்கு உண்டு. அப்பிள்ளை கல்லூரிக்குள் கால் வைத்ததும் அப்பொறுப்பு முழுவதும் அவன் தலைமேல் ஏறுகின்றது. தன் குறையைத் தானே சென்று வெளியிட வேண்டும். தானே சான்று கொணர வேண்டும். செலவையும் தானே ஏற்க வேண்டும். பள்ளி வகுத்துக் கொடுத்த பழைய உதவித் திட்டத்தைப் பல கல்லூரிகள் போதிய சான்றாகக் கொள்வதில்லை. முழுமையான உளவியற் பரிசோதனைக்கோ ஆயிரக்கணக்கான டொலர் செலவாகலாம். பத்திரங்களைத் தொலைப்பதும் தவணைகளை மறப்பதுமே எவனுடைய துன்பமோ, அவனிடமே பத்திரங்களைத் திரட்டித் தவணைக்குள் தருக என்று கேட்பது என்ன நீதி?

பொஸ்டன் பல்கலைக்கழக வழக்கு இங்கே நினைவுகூரத் தக்கது. அதன் உயர் நிருவாகியாயிருந்த ஜோன் வெஸ்ட்லிங், சமந்தா என்னும் மாணவியைப் பற்றி மேடையிற் பேசினார். தான் வகுப்பில் உறங்கிவிடக்கூடும் என்றும், உறங்கும்போது தவறிய பாடத்தை ஆசிரியர் பின்னர் சொல்லித்தர வேண்டும் என்றும் கேட்டு வந்தவளாம் அவள். மூன்றாண்டுக்கு மேற்பட்ட சான்று செல்லாது என்னும் விதியும் அங்கே வந்தது. மாணாக்கர் வழக்குத் தொடுத்தனர். அப்படியொரு மாணவி இருந்ததேயில்லை, அவள் கற்பனையே என்பதை வெஸ்ட்லிங் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். 1997 இல் நீதிபதி பற்றி சாரிஸ் தீர்ப்பளித்தார். கற்றற் குறைபாடுடையோர் யாவரும் விதிவிலக்கின்றி மூன்றாண்டுக்கொருமுறை மீண்டும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்றது சட்டவிரோதம் என்றார். மாணாக்கர் அறுவருக்கு நட்டஈடும் வழங்கினார். அவதானக் குறைபாட்டின் குறிகள் வயதோடு மாறக்கூடியவை என்பதால், அதற்குப் புதிய சான்று கேட்பதை மாத்திரம் அவர் பிழையெனக் கொள்ளவில்லை.

புதிய சான்று வேண்டுமென்றே வைத்துக்கொள்வோம். கேட்பவர் அதன் செலவை ஏன் ஏற்கலாகாது என்பதே நமது வினா. 2008 இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், மனதை ஒருமுகப்படுத்துவதும் வாழ்வின் முக்கிய செயல்களுள் ஒன்றென விதந்து கூறி, ஒருவரின் இயலாமையை நிறுவுவதற்கு விரிவான ஆராய்ச்சி வேண்டியதில்லை என்னும் போக்கையும் வகுத்தது. அதன் பின்னர்ச் சில கல்லூரிகள் மாணாக்கரின் வாய்மொழிக்கும் பழைய பதிவுகளுக்கும் மதிப்பளிக்கின்றன. வேறு சில பழைய பாதையை விட்டு அசையவில்லை. ஒரே சட்டத்தின் கீழ் கல்லூரிக்கொரு நியாயம்!

கட்டுப்பாடு தளர்ந்தால் பொய்யர் புகுந்துவிடுவர் என்பார் உளர். பொய்யர் இல்லையென்று நாம் சொல்லவில்லை. 2019 இல் அம்பலமான கல்லூரி அனுமதி மோசடியில், செல்வந்தரின் பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் பெறுவதற்காகவே குறைபாட்டுச் சான்றுகளும் தேடப்பட்டன. ஆனால் அந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? பத்திரத்தின் விலையை உயர்த்தினால் பணம் படைத்த பொய்யன் தடைப்படான். பணமில்லாத மெய்யனே தடைப்படுவான். வேலி உயர்ந்ததனால் ஆடு நின்றது, நரி நுழைந்துவிட்டது.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவு. பள்ளிக்காலப் பதிவுகளை முதற்சான்றாகக் கல்லூரிகள் ஏற்றல் வேண்டும். மேலும் சான்று வேண்டின், கல்லூரியே தன் செலவிற் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். அது முடியும்வரை தற்காலிக உதவி வழங்கப்படல் வேண்டும். பல கட்டடங்களும் பெருநிதியும் கொண்ட கழகங்களுக்கு இது தாங்கவொண்ணாச் சுமையன்று.

அந்நாட்டுக்குக் கற்கச் செல்லும் நம் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல். இளமைப் பருவத்துச் சான்றே அங்கே கேட்கப்படும். ஆகலின் பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளையும், அவற்றில் ஆசிரியர் எழுதிய குறிப்புக்களையும் பேணி வைத்திடுக. பிள்ளைக்கு இந்நிலை இருப்பின் மறையாது வைத்தியரிடம் காட்டுக. கல்லூரி கேட்கும் சான்று யாதென்பதை முதற் பரீட்சை நெருங்குமுன்னரே உசாவுக. ஏனெனில் கடந்த பரீட்சையை மீண்டும் நடத்தவேண்டிய கடப்பாடு கல்லூரிக்குப் பொதுவாக இல்லை.

மெய்யான குறையுடைய ஏழை மாணவன் வாயிலில் நிற்க, விலைகொடுத்த பத்திரம் உள்ளே செல்லுமாயின், அங்கே காக்கப்படுவது கல்வியின் தரமன்று, பணத்தின் தரமே.