‘ஒன்றுமில்லை, அம்மா!’

மீசை அரும்புகிற வயதில் பையன்களுக்கு ஒரு பதில் நாக்கிலேயே குடியிருக்கும். வெளியே போய் வந்தவனின் முகம் வாடியிருக்கிறதே என்று, “என்னடா நடந்தது?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை, அம்மா!” என்பான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவான்.

அந்த ‘ஒன்றுமில்லை’க்குள் என்னதான் இருக்கிறது? அதைத் திறந்து காட்டும் மூன்று சிறுகதைகளை இந்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், வாருங்கள்.

முதலாவது, ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய ‘அராபி’. 1914-ல் வெளிவந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுதியில் இருக்கிறது. டப்ளின் நகரில் மாமா, மாமி வீட்டில் வளரும் பள்ளிக்கூடத்துப் பையன், சிநேகிதனின் சகோதரியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ‘அராபி’ என்ற சந்தைக்கு அவளால் போக முடியவில்லை. தான் போனால் ஏதாவது வாங்கி வருவதாக வாக்குக் கொடுக்கிறான். அன்றைக்கென்று மாமா இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். விஷயத்தையே மறந்துவிட்டார்! மாமிதான் பரிந்து பேசிப் பணம் வாங்கித் தருகிறாள்.

பையன் போய்ச் சேரும்போது மணி பத்தடிக்கப் பத்து நிமிஷம். கடைகள் அநேகமாக மூடியாயிற்று. திறந்திருந்த ஒன்றில், இரண்டு ஆண்களோடு அரட்டையடித்துக் கொண்டிருந்த பெண், கடனே என்று ‘என்ன வேண்டும்?’ என்கிறாள். ஒன்றும் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் திரும்புகிறான். பையில் மிச்சம் எட்டுப் பென்னி. விளக்குகள் அணைகின்றன. தன் பைத்தியக்காரத்தனம் அந்த இருட்டில்தான் அவனுக்குத் தெரிகிறது.

பாவம், மாமிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? சந்தை என்றதும், ‘ஃப்ரீமேசன்’ என்கிற ரகசியச் சங்கத்தாரின் ஏற்பாடோ என்று கவலைப்பட்டாள், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஜான் அப்டைக் 1961-ல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் எழுதிய ‘ஏ அண்ட் பி’. பத்தொன்பது வயது ஸாமி, அமெரிக்காவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போடுகிறவன். நீச்சலுடையில் வந்த மூன்று பெண்களை மானேஜர் எல்லார் முன்பாகவும் கண்டிக்கிறார். ஸாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பெண்கள் காதில் விழட்டும் என்று, வேலையை விட்டுவிட்டதாக அறிவிக்கிறான். அவர்களோ திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள்! பிறகும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. முதல்நாள் இரவு அம்மா இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சட்டையோடு வெளியே வருகிறான். இனி உலகம் தன்னிடம் எவ்வளவு கடுமையாக இருக்கப் போகிறது என்பது உறைக்கிறது.

மூன்றாவது, ரிச்சர்ட் ரைட்டின் கதை. 1940-ல் முதலில் வெளியாயிற்று. ஏறக்குறைய ஆண்பிள்ளை ஆகிவிட்டவன் என்பது தலைப்பின் கருத்து. அமெரிக்காவின் தெற்கே, வெள்ளைக்காரர் நிலத்தில் உழும் கறுப்பினப் பையன் டேவுக்கு வயது பதினேழு. துப்பாக்கி ஒன்று இருந்தால் தன்னையும் பெரியவனாக மதிப்பார்கள் என்று எண்ணுகிறான். காலுறைக்குள் முடிந்து வைத்த பணத்தில் இரண்டு டாலரை, நேரே தன்னிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அம்மா தருகிறாள். அவனோ கொடுக்கவில்லை. மறுநாள் வயலில் சுட்டுப் பார்த்தபோது குண்டு பட்டு, முதலாளியின் கோவேறு கழுதை செத்துப் போகிறது. அபராதம் ஐம்பது டாலர்; மாதம் இரண்டு டாலர் வீதம் இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்துக் கழிக்க வேண்டும்.

மூவருக்கும் தலைகுனிவுதான். ஆனால் விலை ஒன்றா? ஒருவனுக்குப் போனது சில்லறை, ஒருவனுக்கு வேலை, ஒருவனுக்கு வீடே போயிற்று.

சொல்கிறவர் யார் என்றும் பாருங்கள். ‘அராபி’யை அந்தப் பையனே பெரியவனான பின் சொல்கிறான், ஆகவே தன்னைத் தானே ஈவிரக்கமின்றி எடைபோட முடிகிறது. ஸாமி சூடு ஆறுமுன் சொல்கிறான். குடும்பத்தார் சோகம் என்று நினைப்பது அவனுக்கு அவ்வளவு சோகமாகத் தோன்றவில்லை! டேவுக்கோ சொல்லத் தெரியவில்லை. ஆசிரியர்தான் அவனுக்காகப் பேசுகிறார்.

‘அராபி’யைத்தான் விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நியாயந்தான். ஆனால் என் மனத்தைப் பிடித்துக் கொண்டு விடமாட்டேன் என்கிறவன் டேவ். முதல்நாள் இரவு அம்மா இருட்டில் படுக்கையருகே வந்து துப்பாக்கியைக் கேட்டபோது மழுப்பிவிட்டான். மறுநாள் ஊரார் கூடிய இடத்தில் உண்மை வெளிப்பட்டபோது அழுதான், கூட்டம் சிரித்தது. அன்றிரவு அவனை ரயிலேற வைத்ததில் கடனுக்கும், அப்பாவின் அடிக்கும் பங்கு உண்டு. ஆனால் படுக்கையில் அவன் நெஞ்சைச் சுட்டது அந்தச் சிரிப்பு.

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று ‘ஒன்றுமில்லை’ என்றால் அப்படியே நம்பிவிட வேண்டாம். நாலு பேர் எதிரில் துருவவும் வேண்டாம். சாதத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் விழித்திருங்கள்.